மறைந்தவளின் வீடு

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவியருக்கு ஒப்பிலக்கியத் தாள் எடுத்துக்கொண்டிருந்தேன். கிரேக்க நாடகம் பற்றிய அலகு. மதிய உணவுக்குப் பிந்தைய வகுப்பு. பாதிப் பேருக்குக் கண் செருகிக்கொண்டிருந்தது. பழைய புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்துவைத்திருந்த ஓவியத்தைத் திரையில் காட்டினேன். இடிந்து கிடக்கும் ஒரு கிரேக்கக் கோயில் அன்று எப்படி இருந்திருக்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் ஒருவர் வரைந்து வண்ணம் தீட்டிய மீளுருவாக்க ஓவியம் அது. தூங்கியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "நம்ம ஊர் கோபுரம் மாதிரி கலரா இருக்கே" என்றாள் ஒருத்தி. பின் வரிசையிலிருந்து இன்னொருத்தி கேட்டாள்: "உள்ள என்ன சாமி மேடம்?"

படத்தின் கீழே அச்சிட்டிருந்ததைப் படித்துச் சொன்னேன்: "ஜீயஸ்." அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அது ஜீயஸின் கோயில் இல்லை. வேறொரு கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது பல மாதங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அது அஃபாயா என்ற பெண் தெய்வத்தின் கோயில். ஆண்களிடமிருந்து தப்பி ஓடி, யார் கையிலும் சிக்காமல் மறைந்துபோனவள் என்று கிரேக்கர்கள் கதை சொன்ன ஒருத்தியின் இடம். அவள் கோயிலுக்கு ஆண் தெய்வத்தின் பெயரை எழுதி, அதையே நூற்றாண்டுக்கும் மேலாக அச்சிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த வரிசையில் கடைசியாக நின்று ஒரு மாணவியின் நோட்டில் அதைச் சேர்த்தவள் நான். இந்தக் கட்டுரை அந்தப் பிழையின் வரலாறு.

குன்றின் மேல் ஓர் இடிபாடு

ஏதென்ஸுக்குத் தெற்கே சரோனிக் வளைகுடாவில் இருக்கிறது ஏஜினா தீவு. அதன் வடகிழக்கு மூலையில், பைன் மரங்கள் அடர்ந்த குன்றின் மேல் அந்தக் கோயில் நிற்கிறது. கி.மு. 500க்கும் 480க்கும் இடைப்பட்ட காலத்தில் கட்டப்பட்டது என்பது பொதுவான கணிப்பு. முன்னும் பின்னும் ஆறு தூண்கள், பக்கவாட்டில் மூலைத் தூண்களையும் சேர்த்துப் பன்னிரண்டு. தீவிலேயே கிடைத்த சுண்ணாம்புக்கல்லில் கட்டி, மேலே மெல்லிய சுதை பூசியிருந்தார்கள். கூரைக்குக் கீழே முன்னும் பின்னும் உள்ள முக்கோண முகப்புகளில் வைத்த சிற்பங்கள் மட்டும் பாரோஸ் தீவின் பளிங்கில் செய்தவை. இரண்டு முகப்புகளிலும் டிராய் நகரப் போர்க் காட்சிகள். விழுகிற வீரர்கள், அம்பு எய்கிறவர்கள், இறந்துகொண்டிருப்பவர்கள். நடுவில் கேடயம் தாங்கிய அதீனா.

1811 வசந்தத்தில் இங்கிலாந்தின் இளம் கட்டடக் கலைஞர் சார்லஸ் ராபர்ட் காக்கரெல், ஜெர்மனியின் ஹாலர் ஃபான் ஹாலர்ஸ்டைன், இன்னும் சில நண்பர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கிரேக்கம் அப்போது உதுமானியர் ஆட்சியில் இருந்தது. அளந்து வரையத்தான் போனார்கள். தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பளிங்கு வீரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். தீவு மக்களுக்குச் சொற்பப் பணம் கொடுத்துவிட்டுச் சிற்பங்களைக் கப்பலேற்றினார்கள். 1812இல் சகிந்தோஸ் தீவில் நடந்த ஏலத்தில் பவேரிய இளவரசர் லுட்விக்கின் சார்பில் அவை வாங்கப்பட்டன. ரோமில் டென்மார்க் சிற்பி தோர்வால்சனின் பட்டறையில் உடைந்த தலைகளும் கைகளும் கால்களும் புதிதாகச் செய்து ஒட்டப்பட்டன. பிறகு மியூனிக்கின் கிளிப்டோதெக் அருங்காட்சியகத்துக்குப் போயின. இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

காக்கரெல் தன் ஆய்வை நூலாக வெளியிட்டது 1860இல், கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் கழித்து. நூலின் தலைப்பிலேயே இந்தக் கோயில் எல்லாக் கிரேக்கருக்கும் பொதுவான ஜீயஸின் கோயில் என்று குறிக்கப்பட்டது. ரோமானியப் பெயரில் ஜூபிட்டர். பெயர் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

படம் எப்படி உருவானது

இந்த ஓவியங்கள் யாருடைய கைகளிலிருந்து வந்தன என்பதைப் பார்க்க வேண்டும். பிரான்சில் ஆண்டுதோறும் ரோம் பரிசு என்ற போட்டி நடந்தது. கட்டடக் கலையில் முதல் பரிசு பெற்ற மாணவர் அரசுச் செலவில் ரோமில் பல ஆண்டுகள் தங்கிப் படிக்கலாம். பதிலுக்கு, பழங்காலக் கட்டடம் ஒன்றைத் தேர்ந்து அளந்து, வரைபடங்களை பாரிசுக்கு அனுப்ப வேண்டும். ஒரு தொகுதியில் கட்டடத்தின் இன்றைய நிலை, உடைந்தது உடைந்தபடி, புல் முளைத்தது முளைத்தபடி. இன்னொரு தொகுதியில் அது முழுமையாக இருந்த காலத்துத் தோற்றம். முதல் தொகுதி கண் பார்த்தது. இரண்டாவதில் கொஞ்சம் சான்று, மிச்சம் ஊகம். ஆனால் இரண்டையும் ஒரே கை, அதே நுணுக்கத்தோடு, அதே நீர்வண்ணத்தில் தீட்டும். எந்தக் கோடு கல்லிலிருந்து வந்தது, எந்தக் கோடு தலையிலிருந்து வந்தது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அந்த அழகின் ஆபத்தும் அதுதான்.

1848இல் ரோம் பரிசு பெற்ற சார்ல் கார்னியே தேர்ந்தெடுத்தது ஏஜினாவின் கோயிலை. பின்னாளில் பாரிஸ் ஓபரா மாளிகையைக் கட்டிப் புகழ்பெற்றவர் அவர். 1852இல் தீவுக்குப் போய் அளந்து, சிவப்பும் நீலமும் மஞ்சளும் மின்னும் கோயிலைத் தீட்டி அனுப்பினார். அவருடைய ஆய்வு 1884இல் அச்சில் வந்தபோதும் தலைப்பு ஜூபிட்டர் கோயில்தான்.

அந்த வண்ணங்களுக்குப் பின்னால் பெரிய சண்டை ஒன்று இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வின்கெல்மன் என்ற ஜெர்மானிய அறிஞர் கிரேக்க அழகின் உச்சமாகப் பளிங்கின் வெண்மையைக் கொண்டாடினார். மழையும் வெயிலும் வண்ணத்தைக் கழுவிவிட்ட கல்லைப் பார்த்து, கிரேக்கர்கள் வெண்மையையே விரும்பினார்கள் என்று ஐரோப்பா நம்பியது. அந்த நம்பிக்கை நம்மூர்க் கடற்கரை வரை வந்தது. சென்னையில் இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் கட்டடம், திப்பு சுல்தானை வென்ற பெருமையைக் கொண்டாட ஆங்கிலேயர் 1802இல் கட்டி முடித்த விருந்து மண்டபம். உயர்ந்த படிகளும் தூண் வரிசையுமாக, கிரேக்கக் கோயிலை நினைவூட்டும்படி வெள்ளை வெளேரென்று அதை எழுப்பினார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து ஏஜினாவில் தோண்டியவர்கள் கண்டதோ வண்ணத் தடயங்கள். சிற்பங்களில் ஒட்டியிருந்த வண்ணங்களைப் பற்றி 1817இலேயே விரிவான அறிக்கை ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. சிசிலியின் கோயில்களை ஆராய்ந்த ஹிட்டோர்ஃப் போன்றவர்கள் கோயில் முழுவதும் வண்ணம் பூசப்பட்டிருந்தது என்று வாதாடினார்கள். எதிர்த்தவர்களுக்கு அது காட்டுமிராண்டித்தனமாகப் பட்டது. எந்தத் தூணுக்கு எந்த வண்ணம், எந்த விளிம்புக்கு எந்தக் கோலம் என்று பல பத்தாண்டுகள் விவாதித்தார்கள்.

அத்தனை விவாதத்திலும் உள்ளே இருந்தது யார் என்ற கேள்வி பின்வாசலில் நின்றது. சிலருக்கு ஜீயஸ் பற்றிச் சந்தேகம் வந்தது. முகப்புச் சிற்பங்களின் நடுவில் அதீனா நிற்கிறாளே, அப்படியானால் இது அதீனாவின் கோயிலாக இருக்கலாம் என்றார்கள். ஜீயஸின் தலையிலிருந்து பிறந்தவள் அதீனா. தாயின் வயிறு காணாதவள், போர்க்கவசத்தோடு வந்தவள், ஆண்களின் சண்டையில் அவர்கள் பக்கம் நிற்பவள். தகப்பன் பெயரை எடுத்தால் மகள் பெயர். அந்த வீட்டுக்கு வெளியே ஒருத்தி இருக்கலாம் என்பது நினைவுக்கு வரவில்லை.

சொன்னவர் சொல்லியிருந்தார்

வேதனை என்னவென்றால், பதில் அவர்களுடைய அலமாரியிலேயே இருந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கம் முழுவதும் சுற்றி எழுதிய பயணி பௌசானியாஸ். பழங்காலக் கோயில்களைத் தேடிப்போன ஐரோப்பியர் கையில் இருந்த வழிகாட்டி அவருடைய நூல்தான். ஏஜினாவில் ஜீயஸின் மலைக்குப் போகும் வழியில் அஃபாயாவின் திருத்தலம் வருகிறது என்று அவர் எழுதியிருக்கிறார். அவள் கதையையும் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார். ஜீயஸின் மலை வேறு, அஃபாயாவின் இடம் வேறு. தீவில் கண்ணில் பட்ட பெரிய இடிபாடு பெரிய கடவுளுக்குத்தான் உரியது என்று தோன்றியிருக்கிறது. வழியில் வருகிற சின்னப் பெண் தெய்வத்துக்கு அவ்வளவு தூண்கள் எதற்கு?

அவள் கதையைப் பிற்கால எழுத்தாளர் அந்தோனினுஸ் லிபெராலிஸ் இன்னும் விரிவாகச் சொல்கிறார். அவளுடைய முதல் பெயர் பிரிட்டோமார்ட்டிஸ். திருமணம் வேண்டாம், கன்னியாகவே இருப்பேன் என்று ஊர் ஊராகப் போனவள். கிரீட் தீவில் அரசன் மீனோஸ் அவளைப் பார்த்து ஆசைப்பட்டுத் துரத்துகிறான். அவள் மீனவர்களிடம் ஓடுகிறாள். அவர்கள் அவளை வலைகளுக்குள் ஒளித்துவைக்கிறார்கள். பிறகு ஆந்த்ரோமேதிஸ் என்ற மீனவனுடைய படகில் ஏறி ஏஜினாவுக்கு வருகிறாள். கரை சேரும் நேரத்தில், காப்பாற்றிக் கொண்டுவந்த அந்த மீனவனே அவள் மேல் கை வைக்கிறான். அவள் படகிலிருந்து குதித்துத் தோப்புக்குள் ஓடுகிறாள். அங்கே காணாமல் போகிறாள். கண்ணுக்குத் தெரியாமல் போனதால் அவளுக்கு அஃபாயா என்று பெயர் வந்தது, அவள் மறைந்த இடத்தையே ஏஜினா மக்கள் புனிதமாக்கினார்கள் என்கிறது கதை.

பெயருக்குச் சொன்ன இந்த விளக்கம் பின்னால் கட்டிய கதையாக இருக்கலாம். பழைய பெயர் ஒன்றுக்குக் காரணம் தேடிக் கதை பிறப்பது எல்லா மொழியிலும் நடக்கிறது. ஆனாலும் அந்தக் கதையை என்னால் எளிதாகத் தாண்டிப் போக முடியவில்லை. அரசனிடமிருந்து காப்பாற்றியவனும் கடைசியில் கை நீட்டுகிறான் என்பதை வேறு நாட்டுக் கதையாகப் படிக்க என் மாணவியரால் முடியவில்லை. பேருந்தில் வந்து போகிறவர்கள் அவர்கள். கதையைச் சொன்னபோது வகுப்பில் எழுந்த அமைதி எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு ஆண்களிடமிருந்து தப்பியவள், தனக்கென்று ஓர் இடம் கிடைத்தபின் அதையும் இழந்தாள்.

1901இல் அடால்ஃப் ஃபுர்ட்வெங்லர் தலைமையில் ஜெர்மானியர்கள் அங்கே அகழ்ந்தபோது ஒரு கல்வெட்டு கிடைத்தது. இப்போது நிற்கும் கோயிலுக்கு முன் அதே இடத்தில் இருந்த பழைய கோயிலின் காலத்தது. அஃபாயாவுக்கு வீடு கட்டப்பட்டது, பலிபீடமும் தந்த வேலைப்பாடும் சேர்க்கப்பட்டன, சுற்றி மதில் எழுப்பப்பட்டது என்பது அதன் செய்தி. கிரேக்கத்தில் 'ஒய்கோஸ்' என்ற சொல். வீடு என்றே பொருள். நாமும் கோயில் என்ற சொல்லைக் 'கோ' உறையும் இல்லம் என்று பிரித்துப் பொருள் சொல்லித்தானே பழக்கம். தொண்ணூறு ஆண்டுகளாக அப்பன் பெயரிலும் மகள் பெயரிலும் மாறி மாறி இருந்த வீட்டுக்கு ஒருவழியாக உரியவளின் பெயர் கிடைத்தது. 1906இல் ஃபுர்ட்வெங்லர் வெளியிட்ட நூல் அஃபாயாவின் திருத்தலம் என்று தலைப்பிலேயே அவளைச் சொன்னது. அதில் புதிய வண்ண மீளுருவாக்கங்களும் இருந்தன.

ஆனால் பழைய ஓவியங்கள் அழியவில்லை. அழகானவை என்பதால் அவை திரும்பத் திரும்ப அச்சாயின, சில சமயம் பழைய தலைப்போடு. அப்படி ஒன்றுதான் என் கைக்கும் வந்தது.

ஓவியத்தில் வராதவர்கள்

பெயரைத் திருத்திவிட்டால் போதுமா என்று யோசித்துக்கொண்டே பல கோயில்களின் மீளுருவாக்க ஓவியங்களைப் புரட்டினேன். பெரும்பாலானவை முகப்பை நேர் எதிரே நின்று பார்க்கின்றன. தூண்கள், படிகள், வானம். ஆட்கள் இருந்தால் கோயிலின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாக எறும்பு மாதிரி இருப்பார்கள். கிரேக்க வழிபாடு நடந்ததோ பெரும்பாலும் கோயிலுக்கு வெளியே, பலிபீடத்தைச் சுற்றி. அந்தப் புகையும் இரத்தமும் கூட்டமும் இந்தத் தாள்களில் அரிது.

அஃபாயாவின் குன்றில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவை பளிங்கு வீரர்கள் மட்டுமில்லை. இப்போதைய கோயில் எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு, மைசீனிய காலத்திலேயே அங்கே வழிபாடு இருந்தது. அந்தக் காலத்துச் சிறு சுடுமண் உருவங்கள் ஏராளமாகக் கிடைத்தன. மிகுதியும் பெண் உருவங்கள். அவற்றில் கைக்குழந்தையை ஏந்தியவையும் உண்டு. கொரின்னா பிலாஃபிதிஸ் வில்லியம்ஸ் என்ற பெண் ஆய்வாளர் இவற்றை வரிசைப்படுத்தி 1998இல் நூலாக்கினார். தாய்மையோடும் குழந்தைகளின் நலத்தோடும் தொடர்புடைய பெண் தெய்வத்தின் வழிபாடு அங்கே இருந்திருக்கலாம் என்பதற்கு இவை சான்று. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த மண் பொம்மைகளை யாரோ குன்றேறி வந்து வைத்துப் போயிருக்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சலோ, பிரசவம் நல்லபடி முடிய வேண்டும் என்ற நேர்ச்சையோ. என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர்கள் வந்தார்கள் என்பது மண்ணில் பதிந்திருக்கிறது. முகப்பில் போர், தரையடியில் குழந்தை ஏந்திய மண் பெண்கள். ஓவியர்கள் முகப்பை வரைந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வரைகிற இடத்தில் பெண்கள் இருக்க விதி அனுமதிக்கவில்லை. ரோம் பரிசு முப்பது வயதுக்கு உட்பட்ட, மணமாகாத ஆண்களுக்கானது. பாரிஸ் நுண்கலைப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1897இல். அதற்குச் சிற்பி எலேன் பெர்த்தோவும் அவர் தொடங்கிய பெண் கலைஞர் சங்கமும் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ரோம் பரிசுப் போட்டி பெண்களுக்குத் திறந்தது 1903இல். முதல் பரிசை ஒரு பெண், சிற்பி லூசியென் ஹுவெல்மன், வென்றது 1911இல். கார்னியே ஏஜினாவை வரைந்து அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

அதே 1897இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் ஒரு கண்காட்சிக்காக ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலை முழு அளவில் கட்டினார்கள். தாளில் வரைந்துகொண்டிருந்த மீளுருவாக்கம் தரையில் எழுந்து நின்றது. அதன் முன்னால் நின்ற மிகப் பெரிய அதீனா சிலையைச் செய்தவர் எனிட் யாண்டெல் என்ற பெண். கண்காட்சிக்கென்று தற்காலிகப் பொருளில் செய்த சிலை, நாளடைவில் சிதைந்து இல்லாமல் போனது. பின்பு அந்தக் கட்டடத்தைக் கான்கிரீட்டில் நிலையாகக் கட்டியபோது, முக்கோண முகப்புகளின் சிற்பங்களைத் தன் கணவர் லியோபோல்ட் ஷோல்ஸுடன் சேர்ந்து உருவாக்கியவர் பெல் கின்னி. அவை இன்றும் அங்கே நிற்கின்றன.

இன்னொருவர் லூசி ஷூ. அவர் கோயில்களுக்கு வண்ணம் தீட்டவில்லை. கிரேக்கக் கட்டடங்களின் கல் விளிம்புகளில் செதுக்கிய வளைவுகளைக் கருவி வைத்துப் பதித்தெடுத்து, உண்மை அளவிலேயே வரைந்தார். ஒன்றல்ல, நூற்றுக்கணக்கானவை. 1936இல் அவை நூலாக வந்தன. வளைவு எந்தக் காலத்தில் எப்படி மாறியது என்று தெரிந்தால் கட்டடத்தின் காலத்தைக் கணிக்கலாம். முழுக் கோயிலையும் ஒரே தாளில் எழுப்பும் வேகம் அதில் இல்லை. தொட்ட இடத்தைத் தாண்டி ஒரு கோடும் போடாத பொறுமை இருக்கிறது.

நம் காலத்தில் உல்ரிகே கோக் பிரிங்மன், வின்சென்ஸ் பிரிங்மன் இருவரும் அஃபாயா கோயிலின் சிற்பங்களுக்கே வண்ண மீளுருவாக்கம் செய்திருக்கிறார்கள். சாய்வாக விழும் ஒளியிலும் புற ஊதா ஒளியிலும் கல்லைப் பார்த்தால், வண்ணம் போன இடத்திலும் அதன் தடம் தெரிகிறது. முகப்பில் மண்டியிட்டு அம்பு எய்யும் வீரன் ஒருவன் உண்டு. அவனுடைய காலோடு ஒட்டிய ஆடையிலும் சட்டைக் கையிலும் கண்ணைப் பறிக்கும் வண்ணக் கோலங்களை இப்படித்தான் மீட்டார்கள். அவர்கள் வண்ணம் தீட்டியது பிரதியில், மூலத்தில் கை வைக்கவில்லை. 2003இல் மியூனிக்கில் தொடங்கிய அவர்களுடைய கண்காட்சி பல நாடுகளுக்குப் போனது. வண்ணங்கள் மிகையானவை என்று இன்றும் சிலர் மறுக்கிறார்கள். மறுக்கலாம். பிரதி என்பதால் நாளை இன்னொன்று செய்து பக்கத்தில் வைக்க முடியும்.

இதற்கு நேர்மாறாகத்தான் தோர்வால்சன் பட்டறை நடந்துகொண்டது. அது ஊகத்தை மூலத்தின் உடம்பிலேயே ஒட்டியது. 1960களில் அருங்காட்சியகம் அந்தப் புதுத் தலைகளையும் கைகளையும் கழற்றியது. கைகள் இல்லாமல், முகம் இல்லாமல் நின்ற சிற்பங்களைப் பார்த்துப் பலருக்கு வருத்தம். எனக்குப் புகைப்படத்தில் அவை பிடித்திருக்கின்றன. எது தெரியும், எது தெரியாது என்பது அங்கே வெளிப்படையாக இருக்கிறது.

பெண் வரலாறு எழுதுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி தினமும் வரும். நமக்குக் கிடைப்பது பாதிப் பெயர், உடைந்த வரி, யாரோ ஒருவரின் மனைவி என்ற குறிப்பு. நிரப்பாமல் எழுத முடியாது. நிரப்பும்போது நம் விருப்பத்தைச் சான்று போலத் தீட்டிவிடும் ஆசை நமக்கும் உண்டு. அஃபாயாவை ஆதித் தாய் என்று அறிவித்து இன்னொரு பெரிய பெயரை நான் ஒட்டினால், கார்னியே செய்ததையே செய்தவளாவேன். அவள் தீவு மக்களின் சொந்தத் தெய்வம். அவளுக்கு வீடும் பலிபீடமும் மதிலும் இருந்தன. அவளிடம் மண் பொம்மைகளோடு வந்தார்கள். கல்லும் மண்ணும் சொல்வது இவ்வளவு. அதை அவள் பெயரில் சொல்ல வேண்டும்.

இப்போதும் அதே ஓவியத்தை வகுப்பில் காட்டுகிறேன். அந்த வண்ணத்தை விட மனம் வரவில்லை. படத்தின் கீழே இருக்கும் பெயரை மறைத்துவிட்டு, இதில் எது கண்டது, எது நினைத்தது என்று பிரிக்கச் சொல்கிறேன். பிறகு அஃபாயாவின் கதையைச் சொல்கிறேன். உள்ளே என்ன சாமி என்று கேட்ட மாணவி படிப்பை முடித்துப் போய்விட்டாள். அவள் நோட்டில் ஜீயஸ் என்றுதான் இன்னும் இருக்கும். இந்தப் புத்தகம் அவள் கைக்குப் போனால், அந்தப் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும்: அஃபாயா.